படைக் கட்டளை அமைப்புகளை வலையமைப்பாக ஆராய்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு படையில் தகவல் யாரிடமிருந்து யாருக்குப் போகிறது, ஆணை எந்த வழியாக இறங்குகிறது என்பதைப் புள்ளிகளும் கோடுகளுமாக வரைந்து கணக்கிடும் துறை இது. கீழே உள்ள பல விடைகளுக்கு 1940-இல் பிரிட்டனின் வானைக் காத்த டௌடிங் அமைப்பையே உதாரணமாக எடுத்திருக்கிறேன். பழைய கதைதான். ஆனால் அதன் ஆவணங்கள் திறந்து கிடக்கின்றன. எந்த நிலையம் எப்போது விழுந்தது, விழுந்தபின் என்ன நடந்தது என்பது வரை தெரியும். இன்று இயங்கும் அமைப்புகளைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

கட்டளை-கட்டுப்பாடு அமைப்பு என்பது எது? அதை வலையமைப்பாகப் பார்ப்பது என்றால் என்ன?

தளபதி நிலவரத்தை அறிய வேண்டும், முடிவெடுக்க வேண்டும், முடிவு களத்தில் இருப்பவரைச் சென்றடைய வேண்டும், அது நிறைவேறியதா என்ற செய்தி திரும்பி வர வேண்டும். இந்தச் சுற்றுக்குத் தேவையான ஆட்கள், கருவிகள், நடைமுறைகள் எல்லாம் சேர்ந்ததே கட்டளை-கட்டுப்பாடு அமைப்பு. அதை வலையமைப்பாகப் பார்ப்பவர் ஒவ்வோர் ஆளையும் அறையையும் ரேடாரையும் ஒரு கணுவாக வைக்கிறார். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தகவலோ ஆணையோ போனால் நடுவே ஓர் இணைப்பு. படம் வரைந்தபின் கேள்விகள் தாமாக எழும். எந்தக் கணு போனால் வலை இரண்டாகப் பிளக்கும்? எந்தப் பாதையில் தகவல் தேங்கும்? ஒரே செய்தியைப் பெற எத்தனை வழிகள் இருக்கின்றன?

அதற்குத்தான் ஒவ்வொரு படையிலும் அமைப்பு வரைபடம் இருக்கிறதே?

இருக்கிறது. யார் யாருக்குக் கட்டுப்பட்டவர் என்பதை அது சொல்லும்; யார் யாரோடு பேசினார் என்பதைச் சொல்லாது. அந்த வரைபடம் ஒரு மரம். மரத்தில் எந்தக் கிளையை வெட்டினாலும் அதற்குக் கீழே உள்ளது முழுவதும் துண்டிக்கப்படும். உண்மையான படைகள் அப்படி எளிதில் துண்டாவதில்லை. தொடர்பு அதிகாரிகள், பக்கத்துப் பிரிவோடு நேரடி டெலிபோன், ஒன்றாகப் பயிற்சி பெற்றவர்களுக்கிடையிலான பழக்கம் என்று குறுக்கே ஓடும் இணைப்புகள் ஏராளம். அவை எந்த அதிகாரபூர்வ வரைபடத்திலும் இருக்காது. வரைபடத்தில் தடித்த கோடாக இருக்கும் சில இணைப்புகளில் மாதக்கணக்கில் ஒரு சொல்லும் போயிருக்காது என்பதும் உண்டு.

டௌடிங் அமைப்பு எப்படி வேலை செய்தது?

பிரிட்டனின் சண்டை விமானங்களுக்குத் தலைமை தாங்கிய ஹ்யூ டௌடிங்கின் பெயரால் வழங்கும் அமைப்பு இது. கடலோரத்தில் ரேடார் நிலையங்கள் வரிசையாக நின்றன. அவை கடலை மட்டுமே பார்த்தன. கரையைத் தாண்டி உள்ளே வந்த விமானம் அவற்றின் முதுகுக்குப் பின்னால் போய்விடும். அங்கிருந்து கண்ணாலும் காதாலும் அதைப் பின்தொடர்ந்தவர்கள் கண்காணிப்பாளர் படையினர்: ஏறத்தாழ 1,000 காவலிடங்கள், 30,000 தொண்டர்கள்.

ரேடார் செய்திகள் எல்லாம் லண்டனுக்கு வடமேற்கே பென்ட்லி பிரயரியில் இருந்த வடிகட்டும் அறைக்கு டெலிபோனில் வந்தன. ஒரே விமானக் கூட்டத்தை மூன்று ரேடார்கள் மூன்று இடங்களில் காட்டும். அக்கால ரேடார் தூரத்தை நன்றாகச் சொல்லும், திசையில் தடுமாறும். எனவே இரண்டு நிலையங்கள் சொன்ன தூரங்களை வில்களாக வரைந்து, அவை வெட்டும் இடத்தை விமானம் இருக்கும் இடமாகக் கொண்டார்கள். இப்படித் தெளிந்த செய்தியை ஒருவர் டெலிபோனில் வாசிப்பார். தலைமையகம், அதன் கீழ் ஒரு வட்டாரத்தைக் காக்கும் குரூப், குரூப்பின் கீழ் ஒரு பகுதியைக் கவனிக்கும் செக்டர் ஆகியவற்றின் அறைகள் ஒரே சமயத்தில் கேட்கும்.

ஆணை வேறு விதமாக இறங்கியது. தென்கிழக்கு இங்கிலாந்தைக் காத்த 11-ஆம் குரூப்பின் தலைவர் கீத் பார்க், நியூசிலாந்துக்காரர். எந்த ஸ்குவாட்ரன், அதாவது எந்தச் சண்டை விமான அணி, எழும்ப வேண்டும் என்பதை அக்ஸ்பிரிட்ஜில் நிலத்தடி அறையில் இருந்த அவருடைய குரூப் முடிவு செய்யும். செக்டர் நிலையம் அந்த ஸ்குவாட்ரனை வானில் ரேடியோ மூலம் எதிரியிடம் அழைத்துச் செல்லும். தன் விமானங்கள் எங்கே இருக்கின்றன என்று செக்டருக்குத் தெரிய வேண்டுமே? அதற்காக விமானத்தின் ரேடியோ ஒவ்வொரு நிமிடத்திலும் 14 விநாடி தானாக ஒலிபரப்பும். தரையில் திசைகாணும் நிலையங்கள் அதைப் பிடித்து இடத்தைக் குறிக்கும்.

இந்த விவரிப்பிலிருந்து ஒன்றைப் பிரித்தெடுக்க வேண்டும். தகவல் வலை ஒரு வடிவம், ஆணை வலை இன்னொரு வடிவம். தகவல் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் பரவியது; ஆணை படிப்படியாக இறங்கியது. இரண்டையும் ஒரே தாளில் ஒரே நிறக் கோடுகளால் வரைந்தால் அமைப்பின் முழுச் சாமர்த்தியமும் காணாமல் போய்விடும்.

அந்த வலையில் எந்தக் கணு முக்கியம் என்று எப்படிக் கணக்கிடுவது?

சிறிதாக்கி வரைந்து பார்ப்போம். 5 ரேடார்கள், 1 வடிகட்டும் அறை, 1 குரூப், 3 செக்டர்கள், செக்டருக்கு 3 ஸ்குவாட்ரன்கள். ஒவ்வொரு ரேடாரிலிருந்தும் ஒவ்வொரு செக்டருக்கும் ஒரு தகவல் பாதை என்றால் மொத்தம் 15 பாதைகள். ஒரு ரேடாரை எடுத்துவிட்டால் 12 மிஞ்சும். பக்கத்து ரேடார்களின் பார்வை ஒன்றன்மேல் ஒன்று படிவதால் இழப்பு அதைவிடவும் குறைவு. வடிகட்டும் அறையை எடுத்துவிட்டால் மிஞ்சுவது பூஜ்யம். 15 பாதைகளும் அதன் வழியாகத்தான் போகின்றன. குரூப்பை எடுத்தால்? தகவல் செக்டர்களுக்கு நேராக வந்துகொண்டிருக்கும்; எந்த ஸ்குவாட்ரன் போவது என்ற முடிவுதான் தடுமாறும். ஒரு செக்டரை எடுத்தால் 3 ஸ்குவாட்ரன்கள் வானில் அநாதையாகும்.

மற்ற கணுக்களுக்கிடையிலான மிகக் குறுகிய பாதைகளில் எத்தனை ஒரு குறிப்பிட்ட கணுவைக் கடந்து போகின்றன என்று எண்ணும் இந்த அளவீட்டை 1977-இல் லின்டன் ஃப்ரீமன் என்ற சமூகவியலாளர் முறைப்படுத்தினார். தமிழில் இதை இடைநிலை மையத்தன்மை என்று சொல்லலாம். நேரடி இணைப்புகளின் எண்ணிக்கையை மட்டும் பார்ப்பது வேறோர் அளவீடு. மாணவர்கள் இரண்டையும் குழப்பிக்கொள்வது வழக்கம். நூறு பேரோடு பேசும் டெலிபோன் இயக்குநரைவிட, இரண்டே பேரோடு பேசி இரண்டு படைகளை இணைக்கும் ஒரு தொடர்பு அதிகாரி முக்கியமானவராக இருக்கக்கூடும்.

ஆனால் அந்த எண்ணோடு நின்றுவிடக் கூடாது. மையத்தன்மை மிக உயர்ந்த வடிகட்டும் அறை 1940 மார்ச்சிலேயே நிலத்தடிக்குப் போய்விட்டது. செக்டர் நிலையங்களின் கட்டுப்பாட்டு அறைகளோ விமானத் தளத்தின் மேலேயே, சாதாரணக் கட்டடங்களில் இருந்தன. எண் குறைவு, ஆபத்து அதிகம். கணுவின் முக்கியத்துவத்தையும் அது எவ்வளவு வெளிப்பட்டு நிற்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்காத ஆய்வு பாதி ஆய்வு.

வடிகட்டும் வேலையை ஒரே இடத்தில் வைப்பதா, குரூப்களுக்குப் பிரித்துக் கொடுப்பதா என்று அன்றைக்கே சண்டை நடந்தது. ஒரே இடம்தான் வேண்டும் என்று டௌடிங் பிடிவாதமாக நின்றார். பின்னர் அது பிரித்துத்தான் கொடுக்கப்பட்டது. வலையமைப்புக் கணக்கு டௌடிங்குக்கு எதிராகத்தான் தீர்ப்புச் சொல்லும். ஆனால் வடிகட்டுவது பயிற்சி தேவைப்படும் அரிய வேலை. கையில் இருந்த தேர்ந்த ஆட்களை நான்காகப் பிரித்தால் நான்கு அறைகளிலும் தரம் குறையும் என்ற கவலையில் நியாயம் இருந்தது. கணுவுக்குள் இருக்கும் திறமையை இந்தக் கணக்கு அளப்பதில்லை.

அப்படியானால் ஜெர்மனி ஏன் அந்த வலையை அறுக்கவில்லை?

முயன்றது. 1940 ஆகஸ்ட் 12-ஆம் தேதி தென்கரையிலுள்ள ரேடார் நிலையங்கள் தாக்கப்பட்டன. பெரும்பாலானவை சில மணி நேரத்தில் எழுந்துவிட்டன. வைட் தீவின் வென்ட்னர் மட்டும் பல நாட்கள் முடங்கியது. மூன்று நாள் கழித்து, ஆகஸ்ட் 15-இல், தாக்கப்பட்ட நிலையம் எதுவும் செயலிழந்ததாகத் தெரியவில்லை, தொடர்வதில் பயன் உண்டா என்பது சந்தேகமே என்று ஜெர்மன் விமானப்படைத் தலைவர் கோரிங் சொல்லிவிட்டார்.

இதைவிடச் சுவையான பிழை ஒன்று அதற்கு முன்பே நடந்திருந்தது. பிரிட்டிஷ் விமானங்கள் தரையிலிருந்து ரேடியோவில் வழிநடத்தப்படுகின்றன என்பதை ஜெர்மானிய உளவுத்துறை அறிந்திருந்தது. அதிலிருந்து அது எடுத்த முடிவு தலைகீழானது: ஒவ்வொரு ஸ்குவாட்ரனும் தன் தளத்தோடு கட்டிப்போடப்பட்டிருக்கிறது, எனவே பல தளங்களின் விமானங்களைத் திடீரென்று ஓரிடத்தில் குவிக்க பிரிட்டனால் முடியாது. ரேடியோவில் பேசியது காதில் விழுந்தது. அந்த இணைப்புகள் படத்தில் ஏறின. செக்டர்களையும் குரூப்பையும் வடிகட்டும் அறையையும் கட்டியிருந்த டெலிபோன் கம்பிகளோ ஒட்டுக்கேட்பவரின் காதுக்கு எட்டாதவை. அதனால்தான் ஒரு வலையை அவர்கள் தனித்தனித் தீவுகளாகப் படித்தார்கள் என்பது என் எண்ணம். எதிரியின் வலையை ஆராய்பவர் தனக்குத் தெரிகிற இணைப்புகளையே வலை என்று நம்பிவிடுவதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

ஆகஸ்ட் 24 முதல் செப்டம்பர் 6 வரை தாக்குதல் செக்டர் தளங்கள் மேல் திரும்பியது. வலைக்கு உண்மையில் வலித்தது அப்போதுதான். பிகின் ஹில்லின் கட்டுப்பாட்டு அறை அடிபட்டு, கிராமத்துக் கடை ஒன்றுக்கு மாறியது. கென்லி நிலையத்துக்கு மாற்று அறையாக அமைந்தது கேட்டர்ஹாமில் ஓர் இறைச்சிக்கடை. தபால் துறைப் பொறியாளர்கள் குண்டுக் குழிகளில் இறங்கி அறுந்த கேபிள்களை ஒட்டவைத்தார்கள். கட்டடம் இடியும்போதும் டெலிபோனை விட்டு நகராத பிகின் ஹில் பெண்கள் ஹெலன் டர்னருக்கும் எல்ஸ்பெத் ஹெண்டர்சனுக்கும் ராணுவப் பதக்கம் கிடைத்தது. செப்டம்பர் 7-இல் குண்டுகள் லண்டன் பக்கம் திரும்பின, செக்டர்கள் மூச்சுவிட்டன.

நேரத்தை எப்படிச் சேர்ப்பது? படத்தில் கோடு இருக்கிறதா இல்லையா என்று மட்டும்தானே தெரிகிறது?

ஆங்கிலக் கால்வாயின் மிகக் குறுகிய இடம் சுமார் 34 கிலோமீட்டர். மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் வரும் குண்டுவீச்சு விமானம் அதை ஏழு நிமிடத்துக்குள் கடந்துவிடும். ஒரு ஸ்குவாட்ரன் கிளம்பி, அணிவகுத்து, எதிரியின் உயரத்தை எட்டக் கால் மணி நேரம் நெருங்கிவிடும். ஆகவே பிரான்ஸ் கரைக்கு மேல் விமானங்கள் கூடும்போதே தெரிந்தாக வேண்டும். நடுவே ஒவ்வோர் இணைப்பும் தின்னும் அரை நிமிடம்கூடக் கணக்கில் வரும்.

இந்த அமைப்பை வடிவமைத்தவர்களுக்கு அது தெரிந்திருந்தது. கட்டுப்பாட்டு அறையின் சுவர்க் கடிகாரத்தில் ஐந்தைந்து நிமிடப் பகுதிகள் சிவப்பு, மஞ்சள், நீலம் என்று மாறிமாறி வண்ணம் தீட்டப்பட்டிருந்தன. செய்தி வந்தபோது நிமிட முள் எந்த நிறத்தில் நின்றதோ அந்த நிறக் குறியையே மேசை வரைபடத்தில் வைத்தார்கள். மேலேயிருந்து பார்க்கும் அதிகாரிக்கு, வாய் திறந்து யாரையும் கேட்காமலே, எந்தச் செய்தி புதிது, எது ஆறிப்போனது என்று தெரிந்துவிடும். தகவலின் வயதைத் தகவலோடு சேர்த்தே அனுப்புவது. இன்றைய கணினித் திரைகளில் பல இந்த மரியாதையைக் காட்டுவதில்லை.

ஆய்வு முறையில் இதைக் கொண்டுவந்தவர்களில் ஒருவர் ஆஸ்திரேலியப் பாதுகாப்பு ஆராய்ச்சித் துறையின் ஆந்தனி டெக்கர். 2000-களின் தொடக்கத்தில் அவர் முன்வைத்த முறை, ஒவ்வோர் இணைப்புக்கும் ஒரு தாமத மதிப்பைக் கொடுக்கிறது. உளவுக் கருவியிலிருந்து படைப்பிரிவு வரைக்கும் மொத்தத் தாமதத்தைக் கூட்டி, இரண்டு அமைப்புகளை ஒப்பிட வழிசெய்கிறது. எளிமையானது, குறை நிறைந்தது, ஆனால் பயன்படுகிறது.

இந்தச் சிந்தனை எங்கிருந்து வந்தது?

கணிதப் பக்கம் ஆய்லர்: கோனிக்ஸ்பெர்க் நகரத்துப் பாலங்கள் எல்லாவற்றையும் ஒவ்வொரு முறை மட்டும் கடந்து வர முடியுமா என்ற புதிர், 1736. சமூகவியல் பக்கம் 1930-களில் யார் யாரை விரும்புகிறார்கள் என்று புள்ளியும் கோடுமாக வரைந்த ஜேக்கப் மொரேனோ. ராணுவப் பக்கம் நேராக வந்தது அமெரிக்காவின் ரேண்ட் என்ற ஆராய்ச்சி நிறுவனம். 1955-இல் அங்கே ஹாரிஸும் ராஸும் எழுதிய ரகசிய அறிக்கை, சோவியத் ஒன்றியத்திலிருந்து கிழக்கு ஐரோப்பாவுக்குப் போகும் ரயில் பாதைகளை 44 கணுக்களும் 105 இணைப்புகளுமாக வரைந்து, மிகக் குறைந்த சேதத்தில் அதை எங்கே அறுக்கலாம் என்று கேட்டது. ஒரு வலையின் வழியே அதிகபட்சம் எவ்வளவு அனுப்பலாம் என்று இன்று பொறியியல் மாணவர்கள் போடும் உச்சப் பாய்வுக் கணக்கின் தொட்டில் அதுதான். ரகசியம் நீங்கியது 1999-இல்.

அதே ரேண்டில் 1964-இல் பால் பேரன் எதிர்த்திசைக் கேள்வியைக் கேட்டார்: அணுகுண்டு விழுந்தபின்னும் கட்டளை போய்ச்சேரும் வலையை எப்படிப் பின்னுவது? எல்லாம் ஒரு மையத்தில் கூடும் வலை, சில மையங்கள் கொண்ட வலை, மையமே இல்லாத வலை என்று மூன்றாகப் பிரித்தார். குறைந்தபட்சம் தேவையானதைவிட மூன்று நான்கு மடங்கு இணைப்புகள் இருந்தாலே போதும், மையமில்லாத வலை பலத்த அடியையும் தாங்கும் என்று காட்டினார். வலைக்கு உறுதி சேர்க்க வானளாவிய செலவு வேண்டியதில்லை என்பது அன்றைக்குப் புதுச் செய்தி.

ஆட்களையும் கருவிகளையும் ஒரே வலையில் போடலாமா?

போடலாம், ஆனால் அடுக்கு அடுக்காக. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் கேத்லீன் கார்லி, ஆட்கள், அறிவு, வளங்கள், பணிகள் என்ற நான்கையும் குறுக்கும் நெடுக்கும் இணைத்துப் பார்க்கும் முறையை வளர்த்தார். பிரிட்டனில் நெவில் ஸ்டான்டனும் அவருடைய கூட்டாளிகளும் பணி வலை, சமூக வலை, தகவல் வலை என்று மூன்றாக வரைகிறார்கள். எனக்குப் பிடித்தது ஸ்டான்டனின் முறை. நேரில் கவனித்த ஒரு மணி நேர வேலையை வைத்தே மூன்றையும் வரைந்துவிடலாம் என்பது காரணம்.

எல்லாரும் இணைக்கப்பட்டிருந்தால் தவறு நடக்காதா?

1994 ஏப்ரல் 14. வடக்கு ஈராக்கில் பறக்கத் தடை விதிக்கப்பட்ட பகுதி. அமெரிக்க விமானப்படையின் இரண்டு எஃப்-15 விமானங்கள், அமெரிக்கத் தரைப்படையின் இரண்டு பிளாக் ஹாக் ஹெலிகாப்டர்களைச் சுட்டு வீழ்த்தின. உள்ளே இருந்த 26 பேரும் இறந்தனர். வானம் தெளிவாக இருந்தது. மேலே ஏவாக்ஸ் என்ற பறக்கும் ரேடார் நிலையம் இரண்டு தரப்போடும் தொடர்பில் இருந்தது. படத்தில் வரைந்தால் ஹெலிகாப்டருக்கும் எஃப்-15-க்கும் நடுவே இரண்டே தாவல்: ஹெலிகாப்டர், ஏவாக்ஸ், எஃப்-15.

ஏவாக்ஸை ஒரே கணுவாக வைத்ததுதான் படத்தின் பிழை. அதற்குள் ஒருவர் போகும் வழியிலுள்ள விமானங்களைக் கவனித்தார். இன்னொருவர் தடைப் பகுதிக்குள் இருப்பவற்றைக் கவனித்தார். ஹெலிகாப்டர்கள் பகுதிக்குள் நுழைந்தபின்னும் முதலாமவரின் அலைவரிசையிலேயே இருந்தன. எஃப்-15-கள் இரண்டாமவரோடு பேசின. அவற்றின் நவீன ரேடியோ முறை ஹெலிகாப்டர்களிடம் இல்லை. நண்பனா எதிரியா என்று கேட்கும் கருவிக்குப் பகுதிக்குள் ஒரு குறியெண், வெளியே வேறொரு குறியெண். ஹெலிகாப்டர்களில் இருந்தது வெளிக் குறியெண். மலைகளுக்கிடையே அவை ரேடாரிலிருந்து மறைந்ததும் திரையிலிருந்த அடையாளமும் நீக்கப்பட்டது. ஒரே விமானத்துக்குள் சில அடி தூரத்தில் உட்கார்ந்திருந்த இருவருக்கிடையே, அந்த நிமிடங்களில், இணைப்பு இல்லை.

அணித்தலைவர் பார்த்துவிட்டு, ஈராக்கின் ஹைண்ட் ஹெலிகாப்டர்கள் என்றார். துணை விமானி "இரண்டைப் பார்க்கிறேன்" என்ற பொருளில் பதில் சொன்னார். அதைத் தன் அடையாளத்துக்குச் சான்றாகத் தலைவர் எடுத்துக்கொண்டார். துணை விமானி சொன்னது எண்ணிக்கையை மட்டும்தான்.

கணுவை எந்த அளவில் வெட்டுவது என்பதில்தான் இந்தத் துறையின் பாதி வேலை இருக்கிறது. கணினி கணக்குப் போட்டுவிடும். விமானம் ஒரு கணுவா, அதற்குள் இருக்கும் இருபது பேரும் இருபது கணுக்களா என்பதை ஆய்வாளர்தான் சொல்ல வேண்டும்.

அப்படியென்றால் இன்னும் அதிகமாக இணைத்திருக்க வேண்டும் என்பதுதானே பாடம்?

1998-இல் அமெரிக்கக் கடற்படையின் ஆர்தர் செப்ரோவ்ஸ்கியும் ஜான் கார்ஸ்ட்காவும் எழுதிய கட்டுரையிலிருந்து கிளம்பிய "வலையமைப்பு மையப் போர்" என்ற கொள்கை ஏறத்தாழ இதைத்தான் சொன்னது: எல்லோரையும் இணை, எல்லோருக்கும் ஒரே படத்தைக் காட்டு, வேகம் தானாக வரும். 2003-இல் டேவிட் ஆல்பர்ட்ஸும் ரிச்சர்ட் ஹேயஸும் முடிவெடுக்கும் அதிகாரத்தை விளிம்பில், களத்தில் இருப்பவருக்கே கொடுத்துவிடலாம் என்று ஒரு படி மேலே போனார்கள். நேட்டோ ஆய்வுக் குழு ஒன்று 2010-இல் இதை ஐந்து முதிர்ச்சி நிலைகளாக அடுக்கியது.

எனக்கு இதில் முழு நம்பிக்கை இல்லை. 10 கணுக்களை ஒன்றோடொன்று இணைக்க 45 இணைப்புகள் போதும். 100 கணுக்களுக்கு 4,950 வேண்டும். அத்தனையும் பேசத் தொடங்கினால் கேட்பவர் யார்? டௌடிங் அமைப்பின் பெருமையில் பாதி, யாருக்கு எதைச் சொல்லாமல் விடுவது என்பதில் இருந்தது. விமானிக்கு நாடு தழுவிய படம் தேவையில்லை. எந்தத் திசை, எந்த உயரம், எத்தனை பேர் என்பது போதும்.

இணைப்பு கூடக்கூடச் சான்றுகளின் தனித்தன்மை குறையும் என்பது இன்னொரு சிக்கல். ஒற்றர்கள் ஒருவரையொருவர் அறியாதபடி வைத்து, மூவர் சொன்னது ஒத்துப்போனால் நம்பலாம் என்று ஒற்றாடல் அதிகாரத்தில் வள்ளுவர் சொல்வது வலையமைப்பு மொழியில் மிகத் துல்லியமான விதி: மூன்று கணுக்களிலிருந்தும் தலைவனுக்கு இணைப்பு இருக்க வேண்டும், அவற்றுக்கிடையே இருக்கக் கூடாது. ஈராக் வானில் இரண்டாவது சாட்சி முதல் சாட்சியின் சொல்லைக் கேட்டுவிட்டுத்தான் பேசினார்.

எதிரியின் வலையை வெளியிலிருந்து கண்டுபிடிக்க முடியுமா?

ஓரளவு முடியும். இரண்டாம் உலகப்போரில் பிரிட்டனின் குறியீடு உடைக்கும் மையமான பிளெட்ச்லி பார்க்கில் குறியீட்டை உடைப்பதற்கு முன்பே, எந்த அழைப்புக் குறி எதோடு, எத்தனை முறை, எப்போது பேசுகிறது என்பதை வைத்தே ஜெர்மானியப் படையின் அமைப்பை ஊகித்தார்கள். செய்தியைப் படிக்கவே வேண்டாம், போக்குவரத்தே போதும். 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப்பின் வால்டிஸ் க்ரெப்ஸ் பத்திரிகைச் செய்திகளை மட்டும் வைத்துக் கடத்தல்காரர்களின் வலையை வரைந்தார். ஆனால் அது நடந்து முடிந்தபின், யார் என்று தெரிந்தபின் வரைந்த படம். முன்கூட்டியே வரைவது வேறு கதை.

போக்குவரத்தைப் பார்ப்பவரைப் போக்குவரத்தாலேயே ஏமாற்றவும் செய்யலாம். 1944-இல் இங்கிலாந்தின் தென்கிழக்கில் ஜெனரல் பேட்டன் தலைமையில் ஒரு பெரும்படை காத்திருப்பதாக நேச நாடுகள் நாடகமாடின. இல்லாத அந்தப் படைக்கு ரேடியோப் பேச்சும் உண்டு. ஜெர்மனியை அதிகம் ஏமாற்றியது இரட்டை உளவாளிகளின் அறிக்கைகள்தான், என்றாலும் காற்றில் வந்த பேச்சு அந்தக் கதைக்கு முரண்படாமல் இருந்தது.

இணைப்பை மறைப்பது மூன்றாவது வழி. 2002-இல் அமெரிக்கா நடத்திய "மில்லெனியம் சேலஞ்ச்" என்ற பெரிய போர்ப் பயிற்சியில் எதிரித் தரப்பை நடத்திய ஓய்வுபெற்ற ஜெனரல் பால் வான் ரைப்பர், ரேடியோவைத் தொடாமல் மோட்டார் சைக்கிள் தூதர்களையும் விளக்குச் சைகைகளையும் பயன்படுத்தினார். பயிற்சிக் கணக்கில் பதினாறு கப்பல்கள் மூழ்கின. பிறகு கப்பல்களை மிதக்கவைத்து, விதிகளைத் திருத்தி, ஆட்டத்தைத் தொடர்ந்தார்கள்.

மிக முக்கியமான கணுவை வீழ்த்தினால் வலை சரிந்துவிடுமா?

2000-இல் ஆல்பர்ட், ஜியோங், பாராபாசி மூவரும் வெளியிட்ட ஆய்வு பலருக்கு இந்த எண்ணத்தைத் தந்தது. சில கணுக்களில் மட்டும் இணைப்புகள் குவிந்த வலை, தற்செயலான பழுதுகளைத் தாங்கும். அந்தச் சில கணுக்களைக் குறிவைத்தால் உடையும். கணிதம் சரி. படைகள் அத்தகைய வலைகளா என்பது வேறு கேள்வி. 2019-இல் ப்ராய்டோவும் க்ளாசெட்டும் ஏறத்தாழ ஆயிரம் வலைகளை ஆராய்ந்து, கண்டிப்பான பொருளில் அத்தகையவை அரிதே என்றார்கள்.

தவிர, படையில் ஒவ்வொரு பதவிக்கும் அடுத்தவர் யார் என்று எழுதி வைத்திருப்பார்கள். கேட்டர்ஹாம் இறைச்சிக்கடையை நினைத்துப் பாருங்கள்: கட்டடம் கணு இல்லை. பயிற்சி பெற்ற ஆட்களும் உயிருள்ள டெலிபோன் கம்பிகளும் இருக்கும் இடம் எதுவோ, அதுதான் கணு. குறிவைப்பவர் பெரும்பாலும் கட்டடத்தையே குறிவைக்கிறார்.

ஆரம்பிக்க என்ன மென்பொருள் வேண்டும்?

ஜெஃபி இலவசம், படம் வரைய நல்லது. கணக்குக்குப் பைத்தான் மொழியில் நெட்வொர்க்எக்ஸ். கார்லியின் குழு உருவாக்கிய ஓரா, அடுக்கு வலைகளுக்கு என்றே செய்யப்பட்டது. முதல் முயற்சிக்கு ஒரு பெரிய தாளும் மூன்று நிறப் பென்சில்களும் இவற்றைவிட மேல்.

தரவு? எந்தப் படையும் இன்றைய வலையைக் காட்டாதே?

காட்டாது, கேட்கவும் வேண்டாம். விசாரணை அறிக்கைகளும் போர் நாட்குறிப்புகளும் போதும். ஒரே நிகழ்வை, முடிந்தால் ஒரே மணி நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் நடந்த ஒவ்வொரு பேச்சையும் நான்கு கட்டங்களாக எழுதுங்கள்: நேரம், சொன்னவர், கேட்டவர், விஷயம். கேட்டவர் பெயர் எழுத முடியாத வரிகள் நிறைய வரும். அவற்றை அடித்துவிடாதீர்கள், தனி நிறத்தில் குறியுங்கள். 1994 நிகழ்வில் கதை முழுவதும் அந்த வரிகளில்தான் இருக்கிறது.

கடைசியில் கிடைத்த எண்களைச் சரிபார்ப்பது எப்படி?

உண்மையில் ஒரு கணு விழுந்த நாளைத் தேடுங்கள். உங்கள் வலையிலிருந்து வென்ட்னரை எடுத்துவிட்டு, பக்கத்து நிலையங்களின் பார்வை எவ்வளவு இடைவெளியை மூடுகிறது என்று கணக்கிடுங்கள். 1940 ஆகஸ்ட் 12-க்குப் பிந்தைய நாட்களின் பதிவுகளோடு ஒப்பிடுங்கள். அடுத்து பிகின் ஹில்லை எடுங்கள், அதே மாதக் கடைசியோடு ஒப்பிடுங்கள். முதலாவதில் பெரிய பாதிப்பு இல்லை என்றும் இரண்டாவதில் உண்டு என்றும் உங்கள் கணக்கு சொன்னால் மேலே போகலாம். மாறிச் சொன்னால், தகவல் இணைப்பையும் ஆணை இணைப்பையும் ஒரே நிறத்தில் வரைந்திருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள்.